கீச்சு, கட்டை, ஒரு ‘வாங்க’

ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி டெக்னீஷியன் பெண்கள் இருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே போனில் ஒரு படம் காட்டினார்கள். பக்கவாதம் வந்த ஒருவரின் மூளைக்குப் போகும் ரத்தம் சிவப்பும் நீலமுமாகத் திரையில் ஓடுகிறது. ஓரத்தில் எண்கள் தாமாகவே வந்து விழுகின்றன. “உங்க காலத்துல இதை எப்படி மேடம் பாத்தீங்க?” என்றாள் ஒருத்தி.

“பாக்கல கண்ணு, கேட்டோம்” என்றேன். நான் ஏதோ தத்துவம் பேசுகிறேன் என்று நினைத்து அவள் பக்தியோடு தலையை ஆட்டினாள். தத்துவமும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் மெஷினின் திரை உடைந்திருந்தது, அவ்வளவுதான்.

என் அப்பா பென்னாகரத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் எங்கள் வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். எனக்குச் சடை பின்னத் தெரிவதற்கு முன்பே வயர் ஒட்டத் தெரியும். பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் ஒரு வருஷம் இ.சி.ஜி. படித்தேன். இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும், பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடைப் பரோட்டா நன்றாக இருக்கும் என்பதையும் அங்கே கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் நடுவில் தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. என் படிப்புக் கதை இவ்வளவுதான்.

மூன்று வருஷம் கழித்து டாக்டர் பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் மூளை, நரம்பு சம்பந்தமான வைத்தியம் படித்துவிட்டு, அரூர்ப் பக்கம் இருந்த சொந்த ஊரை நினைத்துத் திரும்பி வந்தவர். அவர் படித்த ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி, சூட்கேசில் போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் சுற்றி நிற்க, பிரசவம் பார்ப்பதுபோல் மெதுவாகப் பிரித்தார். திரை நாலு துண்டாகக் கிடந்தது. உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கரும் கிழிந்து போயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏங்க சிரிக்கறீங்க?”

“ஸ்பீக்கர் எங்கூட்ல மூட்டையா கெடக்குதுங்க டாக்டர். நாளைக்கே கொண்டாரேன்” என்றேன்.

மறுநாள் அப்பாவின் பழைய பெட்டி ஸ்பீக்கரை மெஷினில் ஒட்டிக் கொடுத்தேன். டாக்டர் பேனா மாதிரியான ஒரு குச்சியை என் நெற்றிப்பொட்டில் வைத்தார். அங்கே எலும்பு மெல்லிசு; கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் சரியான இடம் கிடைத்தால், குச்சி அனுப்பும் நுண்ணொலி உள்ளே போய் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பி வரும். குச்சியை நூல் நூலாக நகர்த்தினார். “எங்கங்க இருக்கீங்க? வாங்க, பேசுங்க” என்று என் மூளை ரத்தக்குழாயிடம் மரியாதையாகக் கேட்டார். அவர் மனுஷர், ஆடு, மெஷின் யாரையும் ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். திடீரென்று ஸ்பீக்கரில் ‘உஷ்... உஷ்... உஷ்...’ என்று கேட்டது. என் மண்டைக்குள் ரத்தம் ஓடுவதை நானே கேட்கிறேன்! வார்டில் இருந்த ஆயாம்மாக்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். அன்று மத்தியானம் வரை ஆளுக்கொரு தடவை வரிசையில் நின்று அவரவர் ரத்தத்தைக் கேட்டோம். தோட்டக்காரர் தன் ரத்தம் சமையல்காரர் ரத்தத்தைவிடச் சத்தமாக இருக்கிறது என்று மூன்று நாள் பீற்றிக்கொண்டார்.

டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, “சத்தம் பெருசா சின்னதான்னு பாக்காதீங்க. கீச்சா கட்டையான்னு பாருங்க. வேகமா ஓடுனா கீச்சு, மெதுவா ஓடுனா கட்டை” என்றார். மைக் செட்காரர் மகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? அன்றைக்கே நோட்டில் மூன்று வார்த்தைகளை முடிவு செய்தோம்: கீச்சு, நடு, கட்டை. இந்த மூன்றை வைத்துத்தான் நாங்கள் அத்தனை பேருக்கும் மூளை ரத்தம் கணக்கிட்டோம். இப்போது சொன்னால் அந்தப் பெண்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

டாக்டர் கேட்கும் விதமே தனி. வலது கால் ஷூவைக் கழற்றி வைப்பார். கண்ணை மூடுவார். ரத்தம் அடிக்கும் தாளத்துக்குக் கட்டைவிரலால் தரையைத் தட்டுவார். தட்டுவது நின்றால் கேட்டு முடித்தார் என்று அர்த்தம். கோபம் வந்தால் கத்தமாட்டார். குனிந்து ஷூவை மாட்டிக்கொள்வார். அவர் ஷூவை மாட்டினால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவோம்.

அவர் வைத்த விதிகள் இரண்டுதான். நோயாளி தலையணை இல்லாமல் மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். முதலில் நல்ல பக்கம், அப்புறம் கெட்ட பக்கம், மறுபடி நல்ல பக்கம் கேட்க வேண்டும். “நல்ல பக்கந்தாங்க நமக்கு அளவு. அதை விட்டுட்டா நாம கேக்கறது ரத்தமா வேற எதாச்சுமான்னே தெரியாது” என்பார். குச்சிக்குத் தடவும் பசை ஒரு மாதத்தில் தீர்ந்துபோனதால் விளக்கெண்ணெய்க்கு மாறினோம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? ஆனால் சனங்கள் விளக்கெண்ணெயும் குச்சியும்தான் வைத்தியமே என்று நம்பிவிட்டார்கள். மூட்டு வலிக்காரர்கள்கூட வந்து, “அந்த உஸ்ஸு உஸ்ஸு எனக்கும் ஒருக்கா வெச்சு உடுங்க” என்று முழங்காலைக் காட்டினார்கள்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் ரஹீம் பாய் வந்தார்.

கம்பைநல்லூர்ச் சந்தையில் ஜவுளிக்கடை போடுகிறவர். சந்தையில் பாயைத் தெரியாதவர் கிடையாது. அதற்குக் காரணம் அவருடைய துணி அல்ல, அவருடைய ‘வாங்க’. வருகிறவர் மிராசுதாரரானாலும் வத்தல்மலையிலிருந்து கடுகு மூட்டை இறக்க வந்தவரானாலும், பாய் எழுந்து நின்று ஆளைப் பார்த்து “வாங்க” என்பார். பத்துப் பேர் சேர்ந்து வந்தால் பத்து ‘வாங்க’. எங்கள் பக்கத்தில் ‘வாங்க’ சொல்லாத வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள்; பாய் அதைக் கடை வரைக்கும் கொண்டுவந்தவர்.

அவருக்குத்தான் வலது கை துவண்டு, பேச்சு நின்று போயிருந்தது. ஸ்கேன் எடுக்க அப்போது பெங்களூர்தான் போக வேண்டும். டாக்டர் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்து, மூளையில் ரத்தக்கசிவு இருப்பதாகத் தெரியவில்லை, அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுக் கேட்டார். வலது நெற்றிப்பொட்டில் நல்ல கீச்சு. இடது பக்கம் நடு. வலது கையையும் பேச்சையும் ஆள்வது இடது மூளை என்பதால், பாய்க்குக் கெட்ட பக்கம் இடது. கழுத்தில் இடது குழாய் நன்றாகச் சுருங்கியிருந்தது.

பாயின் மனைவி ஜைனம்பு அக்காவிடம் டாக்டர் விளக்கிச் சொன்னார்: “மூளையில அந்த எடம் இன்னும் சாகலீங்க. அரைப் பட்டினியா கெடக்குது. ரத்தம் கொறையாம பாத்துக்கிட்டா கையும் பேச்சும் திரும்ப வரும். இன்னும் கொறஞ்சா, போனது போனதுதாங்க.”

“பேச்சு போயிட்டா அவரு பொழைக்கமாட்டாருங்க டாக்டர். உசுரோட இருந்தாலும் பொழைக்கமாட்டாரு” என்றார் அக்கா.

காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று மூன்று வேளை கேட்டு எழுதுவது என் வேலை. மறுநாள் காலை நடு. மத்தியானம் கீச்சுக்கே வந்துவிட்டது. பாய் வலது கையை இரண்டு விரற்கடை தூக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலை ஐந்து மணிக்குப் போனால் வார்டில் சந்தையே கூடியிருந்தது. பார்வையாளர் நேரம். பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல பக்கம் முழுக்கச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். சந்து கிடைத்த இடது பக்கம் புகுந்து குச்சியை வைத்தேன். கட்டை! பல்பைப் பார்த்தேன். மங்கி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். எங்கள் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அப்பாவின் ரெக்கார்டு பிளேயர் மெதுவாகச் சுற்றும். பெண் குரல் ஆண் குரலாகும், ஆண் குரல் எருமைக் குரலாகும். கல்யாண வீட்டில் எத்தனை தடவை மானம் போயிருக்கிறது! இதுவும் அதேதான் என்று முடிவு கட்டினேன். நோட்டில் ‘கட்டை’ என்று எழுதி, பக்கத்தில் அதிமேதாவித்தனமாக ‘லோ வோல்டேஜ்’ என்று போட்டேன். அடுத்த நாள் மாலையும் அதே கட்டை, அதே லோ வோல்டேஜ். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, கரண்ட் விஷயத்தில் என்னை நம்பி விட்டுவிட்டார்.

மூன்றாவது மாலையும் ‘கட்டை’ என்று நான் எழுதி முடித்தபோது, பாயின் வலது கை மடியிலிருந்து வழுக்கித் தொங்கியது. வாய் இன்னும் கோணியது. செய்தி கேட்டு டாக்டர் வந்தார். படுக்க வைத்தார். அரை மணி நேரத்தில் கை கொஞ்சம் தேறியது. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“மூணு நாளா சாயங்காலம் கட்டைன்னு எழுதியிருக்கீங்க. வோல்டேஜ்னா ரெண்டு பக்கமும் கட்டையாகணுமே. நல்ல பக்கம் எப்படிங்க இருந்துச்சு?”

“கேக்கலீங்க டாக்டர். அந்தப் பக்கம் ஆளுங்க நின்னாங்க.”

“படுக்க வெச்சுக் கேட்டீங்களா?”

“நாலு பேரு முன்னாடி அவரைப் படுங்கன்னு சொல்ல வாய் வரலீங்க.”

டாக்டர் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார். லேசைக் கட்டி முடிக்கும் வரை நிமிரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஷூ லேசை நான் பார்த்ததில்லை. அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு மனுஷருடைய பேச்சைத் தொலைத்துவிட்டேனே என்று அழுதேன்.

மறுநாள் சந்தேகமே வேண்டாம் என்று அப்பாவைப் பேட்டரியோடு வரச் சொன்னேன். மனுஷர் பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் மைக் செட் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டியில் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்தது தெரியாமல் இறங்கி வந்தார். மூன்றே முக்காலுக்கு மெஷினைப் பேட்டரியில் ஓட்டி, பாயை மட்டமாகப் படுக்க வைத்து இரண்டு பக்கமும் கேட்டோம். நல்ல பக்கம் கீச்சு. கெட்ட பக்கமும் கீச்சுக்குக் கிட்டத்தில். டாக்டரின் கட்டைவிரல் தாளம் போட்டது. குச்சியை எடுக்காமல் அப்படியே பிடித்திருக்கச் சொன்னார்.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரத்துக்கான மணி அடித்தது. கதவைத் திறந்து முதலில் ஒரு கடத்தூர்க்காரர் வந்தார். பாய் அவரைப் பார்த்தார். இடது முழங்கையை ஊன்றி, தம் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். “வ்வ்... வ்...” என்று காற்றுதான் வந்தது. நான் அவரோடு சேர்ந்து எழும்பி, குச்சியை நெற்றிப்பொட்டில் பிடித்துக்கொண்டே நின்றேன். ஸ்பீக்கரில் உஷ் உஷ் என்பது எங்கள் கண்முன்னாலேயே இறங்கியது. கீச்சு நடுவாகி, நடு கட்டையாகி, கடைசியில் எருமைக் குரலுக்கு வந்துவிட்டது. பல்பு மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் பேட்டரிக்கு அதைப் பற்றி என்ன கவலை?

டாக்டர் கண்ணைத் திறந்தார். “வாங்க சொல்றதுக்கு எந்திரிக்கறாருங்க” என்றார். “சுருங்குன கொழாய்ல ரத்தம் தலைக்கு ஏறமாட்டேங்குது. வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் எந்திரிக்கறாரு. நேத்து எத்தனை பேரு வந்தாங்க?”

“ஒரு அம்பது பேரு இருக்கும்ங்க” என்றார் ஜைனம்பு அக்கா.

ரத்தம் தலைப் பக்கம் இறங்கட்டும் என்று கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். தலையணையைப் பிடுங்கினோம். யாரும் உள்ளே வரக்கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். ஆனால் வார்டு ஜன்னல் வாசலைப் பார்த்து இருந்தது. மறுநாள் வெளியே ஆள் குரல் கேட்டதும் பாய் மறுபடி முழங்கையை ஊன்றினார். நாங்கள் பிடித்து அமுக்கினால் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வந்தவர்களை வாசலில் நிறுத்தி அனுப்பிவிட்டோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அடக்க அடக்க முரண்டினார். கட்டிலோடு கட்டிப்போடலாமா என்று ஒரு நர்ஸ் கேட்டார். டாக்டர் ஷூவைப் பார்த்தார்.

அப்போதுதான் பேட்டரியைத் திரும்ப எடுத்துப்போக வந்த அப்பா, “பாயோட வாங்க எங்கிட்ட இருக்குதே” என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“போன நோம்புப் பெருநாளுக்குக் கடை வெளம்பரம் பேசிக் குடுத்தாரு. கேசட் வூட்ல கெடக்குது.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “அடுத்த பஸ் எப்பங்க?” என்றார்.

அடுத்த நாள் மூன்றரை மணிக்கு வாசல் புங்க மரத்தடியில் டேப் ரிக்கார்டரும் ஸ்பீக்கரும் தயார். சத்தத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றபடி நானே திருகிக் குறைத்தேன். மரத்தடியில் பெஞ்சு போட்டு ஜைனம்பு அக்காவை உட்கார வைத்தோம். நான் உள்ளே ஓடிப்போய்ப் பாயின் தலைமாட்டில் குச்சியோடு நின்றேன். டாக்டர் பக்கத்தில் நின்றார். மணி அடித்தது. வெளியே ஆள் குரல் கேட்டது. பாயின் முழங்கை மெத்தையில் ஊன்றியது.

ஜன்னல் வழியாக அவர் குரலே வந்தது: “வாங்க! வாங்க! வாங்க! எல்லாரும் வாங்க! பாத்துட்டு மட்டும் போங்க, வாங்கலைன்னாலும் வருத்தமில்லீங்க! வாங்க!”

பாயின் முழங்கை அப்படியே நின்றது. ஜன்னலைப் பார்த்தார். வெளியே வந்தவர்கள் எல்லோரும் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்களாம். அப்புறம் வத்தல்மலைக்காரர் ஒருவர் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டு, “வந்தனுங்க பாய்! நல்லாருக்கீங்களா?” என்று கேட்டாராம். அதைக் கேட்டு ஜைனம்பு அக்கா சிரித்த சிரிப்பு வார்டு வரைக்கும் வந்தது. அழுகையும் அதில் இருந்தது. உள்ளே பாயின் பாதி வாய் சிரித்தது. முழங்கையை மடக்கி மெத்தையில் மட்டமாகச் சாய்ந்தார். ஒவ்வொரு ‘வாங்க’வுக்கும் இடது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் கணக்காக இறக்கினார்.

ஸ்பீக்கரில் உஷ் உஷ் என்று கீச்சு. கீச்சேதான். ஐந்து மணிக்கும் கீச்சு, ஆறு மணிக்கும் கீச்சு. குனிந்து பார்த்தேன். டாக்டர் இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டு, இரண்டு காலாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கேசட் ஒரு வாரம் ஓடியது. தர்மபுரி டவுனில் பாதிப் பேருக்கு அந்த விளம்பரம் மனப்பாடம். பக்கத்து வார்டு நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள்கூட, தங்களுக்கும் ‘வாங்க’ கிடைக்கிறதே என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். உள்ளே பாயின் கை நாளுக்கு நாள் தேறியது. எட்டாம் நாள் என் விரலைப் பிடித்து நசுக்கினார். வலித்தது, நான் குதித்தேன். அதன் பிறகு செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தோம். நாளுக்கு ஒரு தலையணை வைத்து, ஒவ்வொரு தடவையும் நல்ல பக்கம், கெட்ட பக்கம், மறுபடி நல்ல பக்கம் என்று கேட்டோம். நான் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. கடைசியில் ஒரு நாள் நிமிர்ந்தே உட்கார வைத்தோம். கீச்சு இறங்கவில்லை. பாய் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். உதட்டைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“வா... ங்க” என்றார்.

டாக்டர் அந்த வார்டுக்குள் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் ஒரு அடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, “வந்தனுங்க” என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எங்களுக்கு ஒரு சங்கடம். ஆஸ்பத்திரியிலிருந்து போகிறவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லக்கூடாது; மறுபடி இங்கே வரச் சொன்னதாக ஆகிவிடும். ‘போங்க’ என்று மட்டும் சொல்ல எந்த வாய்க்கு வரும்? நாங்கள் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றோம். பாய்க்கோ அந்த ஒரு வார்த்தைதான் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. டாக்டரைப் பார்த்து “வாங்க” என்றார். நர்சுகளைப் பார்த்து “வாங்க” என்றார். ஆயாம்மா, தோட்டக்காரர், கடைசியில் நான் என்று ஆளுக்கு ஒன்று. ஜைனம்பு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடைக்கு வரச் சொல்றாருங்க” என்றார்.

நாலு மாதம் கழித்துப் போனேன். சந்தை நாள். கடையில் நல்ல கூட்டம். பாய் துணிக் கட்டு மேல் உட்கார்ந்திருந்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். கையை ஊன்றினார். “எந்திரிக்காதீங்க பாய்! உக்காருங்க!” என்று சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன்.

அவர் ஊன்றியது வலது கை. நான் போய்ச் சேர்வதற்குள் நேராக எழுந்து நின்று, என்னைப் பார்த்து, கணீரென்று சொன்னார்.